வாயில்லா ஜீவனும் வசமிழந்த கையும்

பக்கவாதம் கண்டு ஒரு பக்கம் விழுந்துபோனவரை வைத்துப் பேணிய குடும்பத்தார், வைத்தியர் சொல்லிய இரண்டு வாக்கியங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க இயலாமல் வெகுநாள் திகைப்பதுண்டு. மூளையில் செத்த பகுதி செத்ததுதான், அது மறுபடி உயிர் பெறாது என்பது ஒன்று. மனம் தளராமல் பயிற்சி செய்துவந்தால் கையும் காலும் ஓரளவேனும் வசத்துக்கு வரும் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை என்பதை அவர்கள் கண்ணாலேயே காண்கிறார்கள். ஸ்கேன் படத்தில் சேதமுற்ற இடம் ஆறு மாதம் கழித்தும் அப்படியே தெரிகிறது. ஆனால் முதல் வாரத்தில் அசைவற்றுக் கிடந்த கை இப்போது தம்ளரைப் பற்றுகிறது. கையை ஆட்டிவைத்த அணுக்கள் திரும்பி வராதபோது, கையை இப்போது ஆட்டிவைப்பது எது? இக்கேள்விக்கு விடை கண்டவர்களுக்கு, நோயாளியின் கட்டிலருகே வந்து வாலாட்டி நிற்கும் நாய்க்கும் அவருடைய மூளையில் நடக்கும் புனர்நிர்மாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதும் விளங்கும்.

உடலின் எடையில் மூளையின் பங்கு நூற்றுக்கு 2 மட்டுமேயாயினும், உடல் செலவிடும் பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பாகம் அதற்கே போய்ச் சேருகிறது. பெற்றதைச் சேமித்து வைத்துக்கொள்ளும் வசதியும் அதற்கு இல்லை. ஆகவே மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் ஒன்று உறைந்த ரத்தத்தால் அடைபட்டாலும் சரி, வெடித்துக் கசிந்தாலும் சரி, அந்தக் குழாயையே நம்பியிருந்த நரம்பணுக்கள் சில நிமிஷங்களில் மடியத் தொடங்குகின்றன. மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் ஆள்வதால், இடப்பாதியில் நேர்ந்த சேதம் வலக்கையையும் வலக்காலையும் முடக்குகிறது. பெரும்பாலோர்க்குப் பேச்சின் இருப்பிடமும் அந்த இடப்பாதியே ஆகையால், வலக்கையோடு வாக்கும் சேர்ந்து போய்விடுவதுண்டு.

மடிந்த நரம்பணு மீள்வதில்லை. ஆனால் அதைச் சுற்றிலும் பிழைத்துக் கிடக்கும் அணுக்கள் தம் தொழிலை மாற்றிக்கொள்ள வல்லவை. பழைய இணைப்புகளைத் தளர்த்திப் புதியவற்றைப் பூணும் இந்தச் சக்தியை நரம்பு நெகிழ்திறன் என்கிறார்கள். இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவில் ராண்டால்ஃப் நூடோ என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும், 1996-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சிகளில், அணில் குரங்குகளின் மூளைப்புறணியை மெல்லிய மின்முனையால் புள்ளி புள்ளியாகத் தூண்டி, எந்தப் புள்ளியைத் தொட்டால் எந்த அவயவம் அசைகிறது என்று ஒரு வரைபடமே எழுதிக்கொண்டார்கள். பிறகு கைக்குரிய பிரதேசத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் ரத்த ஓட்டமின்றி மடியச் செய்து, காலம் சென்றபின் மறுபடி வரைபடம் எழுதினார்கள். பயிற்சி ஏதுமின்றி விடப்பட்ட குரங்குகளில், சேதமே அடையாத பக்கத்துப் பகுதியிலுங்கூடக் கைக்குரிய இடம் சுருங்கிப் போயிருந்தது. சிறு குழிகளிலிருந்து தீனியை விரலால் தோண்டி எடுக்கும்படி தினந்தோறும் பழக்கப்பட்ட குரங்குகளிலோ, அந்த இடம் குறையாமல் நின்றதோடு, சிலவற்றில் முன்பு முழங்கைக்கும் தோளுக்கும் உரியதாயிருந்த பகுதியிலும் புகுந்து பரவியிருந்தது. உழாமல் தரிசாக விட்ட நிலத்தில் பக்கத்து நிலத்துக்காரனின் வரப்பு ஆண்டுக்கு ஒரு சாணாக நகர்ந்து வருவதையும், உரியவன் இறங்கி உழத் தொடங்கியதும் அது நின்றுவிடுவதையும் கிராமத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். மூளைப்புறணியிலும் அனுபோகமே பாத்தியதையை நிர்ணயிக்கிறது.

இதில் ஒரு விபரீதமும் உண்டு. எட்வர்ட் டாப் என்ற உளவியலறிஞர், குரங்கின் ஒரு கையிலிருந்து உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்புகளைத் துண்டித்தபோது, அசைக்கும் நரம்புகள் பழுதின்றி இருந்தும், அக்குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டதைக் கண்டார். ஆனால் நல்ல கையைக் கட்டிவைத்ததும், வேறு வழியின்றி, விட்டுவிட்ட கையாலேயே அது தீனியை எடுத்தது. ஆரம்ப நாட்களில் முயன்று முயன்று தோற்றதால், இந்தக் கை இனி உதவாது என்று மூளை கற்றுக்கொண்ட பாடமே பிற்பாடு கையை முடக்கிவைத்தது என்பது அவர் கண்ட முடிவு. இதனைக் கற்றறிந்த கைவிடல் எனலாம். பக்கவாதம் கண்டவர் நல்ல கையாலேயே உண்டு, உடுத்து, எழுதப் பழகிவிடும்போது, மற்றக் கைக்கு மீதமிருக்கும் திறமையும் வெளிப்பட இடமின்றிப் போகிறது. 2006-இல் வெளியான ஓர் அமெரிக்கப் பரிசோதனையில், நோய் கண்டு 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரில் ஒரு பிரிவினர், நல்ல கையில் உறை மாட்டிக்கொண்டு, இரண்டு வாரம் விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியைப் பழுதுற்ற கையாலேயே கழித்தனர்; ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அவர்களுடைய கை மற்றப் பிரிவினருடையதைவிட மேலான நிலையில் இருந்தது. குரங்குகளும் எலிகளும் பட்ட வேதனையின்மேல் எழுந்தது இந்த ஞானம் என்பதை நாம் மறத்தலாகாது. மனிதனுடைய கை மீள்வதற்கு வாயில்லா ஜீவன்கள் ஏற்கெனவே ஒரு பெரும் விலையைக் கொடுத்திருக்கின்றன.

உழுதால்தான் நிலம் நிற்கும் என்றால், எவ்வளவு உழவேண்டும்? ஆய்வுக்கூடத்து மிருகங்கள் ஒரு நாளில் ஒரே செய்கையை நூற்றுக்கணக்கான முறை செய்தன. மனிதர்களுக்கு நடக்கும் சிகிச்சையில் அந்த எண்ணிக்கை என்ன என்று கேத்தரின் லாங் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் தம் குழுவினருடன் சிகிச்சைக் கூடங்களில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து 2009-இல் எழுதினார்: ஒரு வேளைச் சிகிச்சையில் கை ஒரு பயனுள்ள செய்கையைச் செய்தது சராசரியாக 32 முறை. அதற்கு முன்பே, 2004-இல், ஆஸ்திரேலியாவில் ஜூலி பெர்ன்ஹார்ட் என்பவரின் குழு, மெல்போர்ன் நகரத்து ஐந்து பக்கவாதப் பிரிவுகளில் காலை முதல் மாலை வரை நோயாளிகளைக் கவனித்து, அவர்கள் பாதிக்கு மேற்பட்ட நேரம் படுக்கையில் இருந்தார்கள் என்றும், குணமடைவதற்கு உதவக்கூடிய காரியங்களில் ஈடுபட்டது நூற்றுக்கு 13 பங்கு நேரந்தான் என்றும், நூற்றுக்கு 60 பங்கு நேரம் பக்கத்தில் ஒருவருமின்றித் தனித்தே கிடந்தார்கள் என்றும் வெளியிட்டது. இவை வசதி குன்றிய ஆஸ்பத்திரிகள் அல்ல. இந்நோய்க்கென்றே அமைந்த பிரிவுகள். பிசியோதெரபி செய்பவர் எவ்வளவு சிரத்தையுள்ளவராயினும் ஒரு மணி நேரந்தான் இருப்பார். மிஞ்சிய நேரத்தை என்ன செய்வது என்பதே பக்கவாதச் சிகிச்சையின் தீராத கேள்வி.

அந்த நேரத்தை நிரப்புவது எது என்பதற்கான முதல் தடயம், வியப்பான வகையில், வளர்ப்புப் பிராணிகளிடமிருந்தே கிடைத்தது. கனடா நாட்டு உளவியலறிஞர் டொனால்ட் ஹெப், 1940-களில் சில ஆய்வுக்கூடத்து எலிகளைத் தம் இல்லத்துக்குக் கொண்டுபோய்த் தம் பெண்குழந்தைகளிடம் வளர்க்கக் கொடுத்தார். வீடு முழுதும் ஓடித் திரிந்து குழந்தைகளின் கையில் வளர்ந்த அவை, கூண்டிலேயே வளர்ந்த எலிகளைவிடப் புதிர்வழிகளை விரைவாகக் கற்றன. பல்லாண்டு கழிந்தபின் ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் பார்ப்ரோ யோஹான்சன், எலிகளின் மூளைக் குழாய் ஒன்றை அடைத்துப் பக்கவாதம் உண்டாக்கி, சிலவற்றைச் சாதாரணக் கூண்டிலும், சிலவற்றை ஏறவும் இறங்கவும் ஒளியவும் பொருள்களும், கூடியிருக்கச் சக எலிகளும் கொண்ட விசாலமான இடத்திலும் விட்டுப் பார்த்தார். 1995-இல் வெளியான அந்த முடிவின்படி இரு சாராருக்கும் மூளையில் நேர்ந்த சேதத்தின் அளவு வேறுபடவில்லை. ஆயினும் துணையும் தொழிலும் உள்ள இடத்தில் இருந்தவை நடையிலும் சமநிலையிலும் தெளிவாக முந்தின. செத்த பகுதி சமமாயிருந்தும் மீட்சி சமமாக இல்லை என்ற இந்த ஒரு விஷயத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். தொடக்கத்தில் நின்ற முரண்பாடு இங்கேதான் தீருகிறது.

நோயாளியின் வீட்டில் உள்ள நாயும் பூனையும் தருவது அத்தகைய துணையையும் தொழிலையுமே. கையை இருபது முறை நீட்டுங்கள் என்று கட்டளையிட்டால், நீட்டுவது ஒன்றே அதன் பயனாக இருக்கிறது; மனம் சீக்கிரம் சலிக்கிறது. மடியில் வந்து படுத்த பூனையின் முதுகைத் தலை முதல் வால் வரை தடவும்போதோ, முழங்கை தானே நீள்கிறது, விரல்கள் தாமே விரிகின்றன. பக்கவாதத்தில் கை உள்நோக்கி மடங்கி விரல்கள் இறுகிக்கொள்ளும் சுபாவத்துக்கு நேர் எதிரான அசைவு இது. கழுத்துப்பட்டையின் வளையத்தில் சங்கிலிக் கொக்கியை மாட்டுவதற்குக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நுட்பமாகக் கூடவேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சிந்தாமல் வைப்பதற்கு இரு கைகளும் ஒத்துழைக்க வேண்டும். பந்தை எறிவதற்கு, பிடித்ததை உரிய கணத்தில் விடவேண்டும், பிடிப்பதைக் காட்டிலும் விடுவதே இந்நோயாளிகளுக்குக் கடினமான வித்தை. மூளையின் வலப்பாதி சேதமுற்றவர்களில் சிலர், தம் இடப்புறம் என்று ஒன்று இருப்பதையே கவனியாமல், தட்டின் இடப்பாதியில் உள்ள சோற்றை அப்படியே விட்டு எழுந்துவிடுவார்கள். அவர்களுடைய இடப்புறத்தில் ஒரு நாயை அமர்த்திவைத்துச் சிகிச்சை செய்பவர்கள் இருக்கிறார்கள், ஏனெனில் ஓயாமல் அசைந்து, மூச்சுவிட்டு, முகத்தால் உராயும் பிராணி, புறக்கணித்த திசையை நோக்கித் தலையைத் திருப்பச் செய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிராணிக்குப் பசிக்கிறது, அதுவும் தினந்தோறும், ஒரே வேளையில். தமக்காக எழுந்திருக்க மனமில்லாதவர் அதற்காக எழுந்திருக்கிறார். பக்கவாதத்துக்குப் பின் மூவரில் ஒருவரை மனச்சோர்வு பீடிக்கிறது என்பதையும், மனச்சோர்வு கண்டவர் பயிற்சியை முதலில் கைவிடுவார் என்பதையும் சேர்த்து நினைத்தால், இதன் கனம் புரியும்.

வாக்கிழந்தவர்களின் நிலை இன்னும் உருக்கமானது. என்ன சொல்லவேண்டும் என்பது உள்ளே தெளிவாயிருந்தும் சொல் வாயில் வராமல் தவிப்பவர், மனிதர் முன்னிலையில் பேசவே கூசுகிறார். எதிரே இருப்பவர் அவசரப்பட்டுச் சொல்லை எடுத்துக் கொடுப்பதும், முகத்தில் இரக்கம் தோன்றுவதும் அவரை மேலும் மௌனத்தில் தள்ளுகின்றன. நாய் திருத்துவதில்லை, குழறிய சொல்லுக்கும் காதை நிமிர்த்துகிறது. பெத் மெக்காலி என்ற பேச்சுச் சிகிச்சை நிபுணர், இடப்பாதி சேதத்தால் பேச்சிழந்த மூன்று ஆடவர்களுக்கு ஒரு பருவம் வழக்கமான சிகிச்சையும், அடுத்த பருவம் நாயை உடன் வைத்துச் சிகிச்சையும் அளித்து 2006-இல் வெளியிட்ட குறிப்பு நேர்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு முறையிலும் அவர்கள் முன்னேறினார்கள். மொழிச் சோதனையின் மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் நாய் இருந்த பருவத்தில் உற்சாகம் மிகுந்திருந்ததாகவும் மனத்தின் இறுக்கம் குறைந்திருந்ததாகவும் மூவருமே தெரிவித்தார்கள். நாய் பேச்சைக் கொடுக்கவில்லை, பேசிப் பழகும் விருப்பத்தைக் கொடுத்தது.

இவ்வளவும் நியாயமாகத் தோன்றலாம். தோன்றுவது வேறு, நிரூபணம் வேறு. எரிக்கா ஃப்ரீட்மன் என்பவரும் அவருடைய சகாக்களும் 1980-இல் வெளியிட்ட ஆய்வே இத்துறைக்குக் கால்கோள்: மாரடைப்பு முதலிய இருதய நோயால் ஆஸ்பத்திரியில் சேர்ந்து மீண்ட 92 பேரில், பிராணி வளர்த்த 53 பேரில் ஓராண்டுக்குள் இறந்தவர் 3 பேர், வளர்க்காத 39 பேரில் 11 பேர். எண்ணிக்கை சிறிது. பெரிய எண்ணிக்கை ஸ்வீடனிலிருந்து வந்தது; அந்நாட்டில் ஒவ்வொரு நாயையும் பதிவு செய்யவேண்டும் என்று 2001 முதல் சட்டம் இருப்பதாலும், ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் அடையாள எண் இருப்பதாலும், நாய்ப் பதிவேட்டையும் ஆஸ்பத்திரிப் பதிவேட்டையும் மரணப் பதிவேட்டையும் ஒன்றோடொன்று இணைத்துப் பார்ப்பது சாத்தியமாயிற்று. அடைப்பினால் பக்கவாதம் கண்ட 1,54,617 பேரை இவ்வாறு ஆராய்ந்து உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட முடிவு இது: தனியே வாழ்ந்தவர்களில், நாய் வளர்த்தவர்களின் மரண அபாயம் வளர்க்காதவர்களுடையதைவிட 27 சதவிகிதம் குறைவாக இருந்தது, மனைவி, கணவன் அல்லது குழந்தையுடன் வாழ்ந்தவர்களிலோ குறைவு 12 சதவிகிதந்தான்.

இந்த எண்களைக் கண்டு உடனே மகிழ்ந்துவிடலாகாது. நாய் வளர்க்கத் துணிகிறவர் முன்பே திடகாத்திரமுள்ளவராக இருந்திருக்கலாம். நோயின் கடுமை குறைந்தவரே நாயைத் தம்மிடம் வைத்துக்கொண்டிருக்கலாம். வயது, வருமானம், குடும்ப நிலை முதலியவற்றை ஆராய்ச்சியாளர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்களாயினும், பதிவேட்டில் எழுதப்படாதவற்றை எடுத்துக்கொள்ள வழியில்லை. இது காரண காரியத்தை நிரூபிக்கவில்லை என்று அவர்களே சொன்னார்கள். மேலும் இது மரணத்தைப் பற்றிய கணக்கு, கை மீண்டதைப் பற்றியது அன்று. இருந்தாலும் தனித்து வாழ்பவர்க்குப் பயன் இருமடங்குக்கு மேல் தோன்றுவது சிந்திக்கத்தக்கது. துணையில்லாத இடத்திலேயே பிராணி அதிகம் உதவுகிறது என்றால், அது நிரப்புவது ஒரு துணையின் ஸ்தானத்தையே என்று கொள்ள இடமுண்டு.

காரணத்தை உறுதி செய்வதற்கு, யாருக்குப் பிராணி, யாருக்கு இல்லை என்பதை விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் தீர்மானிக்கவேண்டும். உயிருள்ள ஒன்றை அப்படி ஒருவர் வீட்டில் ஒப்படைப்பது எளிதன்று. ஆயினும் கரேன் ஆலன் என்பவர் அமெரிக்காவில் அதைச் செய்தார்: ரத்தக்கொதிப்பு உள்ள, தனியே வாழ்ந்த பங்குத் தரகர்கள் 48 பேருக்கும் மருந்து கொடுத்து, அவர்களில் பாதிப்பேரைக் குலுக்கலில் தேர்ந்து நாயோ பூனையோ வளர்க்கச் செய்தார். 2001-இல் வெளியான அந்த ஆய்வில், ஓய்வு நிலையில் ரத்த அழுத்தம் இரு சாராருக்கும் மருந்தினால் குறைந்தது. மனநெருக்கடி நேரும்போது அது எகிறுவது மட்டும் பிராணி வளர்த்தவர்களுக்குக் குறைவாக இருந்தது. பக்கவாதம் வருவதற்கு ரத்தக்கொதிப்பே தலைமைக் காரணமாதலால் இது அலட்சியம் செய்யத்தக்கதன்று. மூளைக்காயம் அடைந்தோருக்கான பாசல் நகரத்துச் சிகிச்சை நிலையத்தில், 19 நோயாளிகளை ஆடு, குதிரை, முயல் முதலியவற்றோடு நடந்த சிகிச்சையிலும் சாதாரணச் சிகிச்சையிலும் படம் பிடித்து ஒப்பிட்டார்கள். பிராணி இருந்த வேளைகளில் நோயாளிகள் பிறரோடு பேசுவதும் பழகுவதும் மிகுந்திருந்தன.

எனக்கு மிகவும் நம்பிக்கை அளிக்கும் பரிசோதனை கோதன்பர்க் நகரத்தில் நடந்தது. பக்கவாதம் கண்டு 10 மாதம் முதல் 5 ஆண்டு வரை ஆகிவிட்ட, அதாவது இனி பெரிய மாறுதல் இராது என்று பலரும் கருதும் கட்டத்தில் இருந்த 123 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வாரம் இருமுறையாக 12 வாரம் குதிரையேற்றச் சிகிச்சையும், மற்றொரு பிரிவினருக்கு அதே அளவு தாளமும் இசையும் கலந்த பயிற்சியும் தந்து, மூன்றாம் பிரிவினரை வழக்கம்போல் விட்டார்கள். தாம் மீண்டுவருவதில் முன்னேற்றம் கண்டதாகச் சொன்னவர்கள் குதிரைப் பிரிவில் நூற்றுக்கு 56, இசைப் பிரிவில் 38, மூன்றாம் பிரிவில் 17. குதிரை நடக்கும்போது அதன் முதுகு, அமர்ந்திருப்பவரின் இடுப்பை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மேலும் கீழுமாக அசைக்கிறது. மனிதன் நடக்கையில் இடுப்பு அசையும் முறைக்கு அது மிக நெருங்கியது. குதிரைப் பிரிவினரின் நடையும் சமநிலையும் தேறியதற்கு அது ஒரு காரணமாகலாம். ஆனால் இசைப் பிரிவின் 38-ஐ மறைத்துவிட்டுக் குதிரையின் 56-ஐ மட்டும் பறைசாற்றுவது முறையன்று. வீட்டைவிட்டு வெளியே வருவது, பிறரோடு கூடுவது, மனம் லயிக்கும் ஒரு காரியத்தில் உடலை ஈடுபடுத்துவது ஆகிய இவை இரண்டு பிரிவுக்கும் பொதுவானவை; பயனில் ஒரு பங்கு இவற்றுக்கே உரியதாக இருக்கலாம்.

அபாயமும் உண்டு. அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் 2009-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அந்நாட்டில் நாய் பூனை சம்பந்தமாக விழுந்து காயம்பட்டுச் சிகிச்சைக்கு வருபவர்கள் ஆண்டுக்கு 86,000-க்கு மேல், பெரும்பகுதி நாயினால். இழுத்துக்கொண்டு ஓடும் நாயும், காலில் சுற்றும் பூனையும், ஒரு கால் தளர்ந்தவருக்கு இடுப்பெலும்பு முறிவில் கொண்டுபோய் விடலாம். ரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவருக்குச் சிறு நகக்கீறலும் வெகுநேரம் கசியும். ஆகவே முதல் வாரங்களில் நோயாளி நாற்காலியில் அமர்ந்திருக்க, பிராணியை வேறொருவர் பிடித்திருக்கவேண்டும். நடை நிலைத்த பிறகும் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. தீனிக் கிண்ணத்தைத் தரையில் வைக்கக் குனிவதற்குப் பதில், இடுப்பளவு உயரத்தில் பலகையிட்டு வைக்கலாம்.

நோயாளி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புமுன், இடைஞ்சல் என்று கருதி நாயை வேறெங்கோ அனுப்பிவிடும் குடும்பங்கள் உண்டு. அன்பினால் செய்கிறார்கள் என்றாலும், ஒரு நாளில் பலமுறை அவரை எழவும் நீளவும் அழைக்கக்கூடிய ஒன்றையே அகற்றிவிடுகிறார்கள் என்பதால், அதைச் செய்யவேண்டாம் என்று நான் வற்புறுத்துவேன். ஆஸ்பத்திரியின் விவரத்தாளிலும், வீட்டில் பிராணி உண்டா, அதற்குச் சோறு வைப்பவர் யார் என்ற கேள்வி இடம்பெறவேண்டும். உண்டு என்று விடை வந்தால், சீப்பால் வாருவதும் கொக்கி மாட்டுவதும் பயிற்சிப் பட்டியலில் ஏறலாம். பிராணியே இல்லாத வீட்டுக்கு இதற்கென்று ஒரு குட்டியை வாங்கி வருவது மட்டும் தகாது. துள்ளும் குட்டியைப் பழக்குவது நல்ல கால் உள்ளவருக்கே பிரயாசை, அதைப் பேணும் பாரம் முழுவதும் ஏற்கெனவே களைத்திருக்கும் மனைவியின் அல்லது மகளின் தலையில் விழும். அத்தகைய வீட்டாரும் நாய்க்கு அஞ்சுகிறவர்களும் கோதன்பர்க்கின் இசைப் பிரிவை எண்ணிப் பார்க்கலாம். அங்கே தாளத்துக்கேற்பக் கையையும் காலையும் அசைத்தவர்களில் நூற்றுக்கு 38 பேர், ஒரு பிராணியையும் தொடாமலே, தாம் முன்னேறியிருப்பதாக உணர்ந்தார்கள்.